ஒரே சொல் கேட்ட கணக்கு சார்

எங்கள் கணக்கு சாரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்த ஆள் கல்லூரியில் யாருமே கிடையாது. பாதியில் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "எந்தப் பாடத்துல?" என்பார்.

ஒருநாள் அலுவலகத்து எழுத்தர் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாப்பிள டிகிரி முடிச்சிருக்காரு சார்" என்றார்.

"எந்தப் பாடத்துல?"

"பி.காம். சார்."

"அதக் கேக்கல அண்ணாச்சி. டிகிரின்னா கோணத்துல பாகை. சமன்பாட்டுல படி. காய்ச்சல்ல சூடு. நீங்க எதச் சொல்லுதீங்க?"

எழுத்தர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "பட்டம்னு வச்சுக்கிடுங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். கணக்கு சார் அந்த நிமிஷமே என் பக்கம் திரும்பினார். "பட்டம்னா ஆகாசத்துல பறக்குததுல்லா வே?"

எழுத்தர் பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு, குடும்பத்தோடு வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். கல்யாணத்துக்குக் கணக்கு சார் வந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு மணமக்களை மனசார வாழ்த்தினார். தான் ஒருவரைப் புண்படுத்தியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவரோடு சண்டை போட முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் வரமாட்டார். அவர் சொல்லுக்குள்ளே இருப்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆள் நலமாக இருக்கிறார். மாணவர்களும் நாங்களும் கணக்கு சார் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நான் விலங்கியல். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். விவாதம் தொடங்குவதற்கு முன்பு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அதைப் பார்த்தால் போதும், அறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். கடைசியில் நானும் இயற்பியல் டீச்சரும் மிஞ்சுவோம். டீச்சர் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், அவருடைய அப்பா படகு வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது.

எங்கள் மூவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது ஒரு புத்தகம். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் களக்காடு, நாங்குநேரி, மூலக்கரைப்பட்டி என்று பஸ் ஏறி வருகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்ததும் ஆங்கிலக் குறிப்புகளை அர்த்தம் தெரியாமல் உருப்போடுவார்கள். முதல் வருஷத்துக்கு மட்டுமாவது கணக்கு, இயற்பியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து நல்ல தமிழில் ஒரு புத்தகம் போடலாம் என்று முடிவு செய்தோம். பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, "எழுதிக் குடுங்க, நான் போடுதேன்" என்று சொல்லிவிட்டார். கலைச்சொற்களைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கணக்கு சாரிடம் கொடுத்தோம். அவரைவிடக் கறாரான ஆள் இந்த ஜில்லாவில் கிடைக்கமாட்டார் என்று நினைத்தோம். அது உண்மைதான். அதுதான் வினையும்.

வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'வெக்டர்' என்ற சொல் வரும்வரை.

கணக்கிலும் இயற்பியலிலும் வெக்டர் என்றால் அளவும் திசையும் உள்ள ஒன்று. பள்ளிப் புத்தகத்திலேயே திசையன் என்று இருக்கிறது. என்னுடைய பாடத்தில் வெக்டர் என்றால் கொசு. ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு நோயைக் கொண்டுபோவது. நான் நோய்க்கடத்தி என்று எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலி வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கணக்கு சார் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே சொல்லுதானே வே? இங்கன என்னத்துக்கு ரெண்டு?"

"அர்த்தம் வேறல்லா? கொசுவுக்கு ஏது திசை? அது பாட்டுக்குப் பறக்கும்."

"வேற இல்ல. வெக்டர்னா லத்தீன்ல சுமந்துட்டுப் போறவன். கணக்குல ஒரு புள்ளிய இங்கனருந்து அங்கன கொண்டு போகுது. உம்ம கொசு நோயக் கொண்டு போகுது. ஆய்வுக்கூடத்துல ஒரு மரபணுவ செல்லுக்குள்ள கொண்டு போறதுக்கு ஒண்ணு வச்சிருக்கீங்கல்லா, அதுவும் வெக்டர்தான். கம்ப்யூட்டர்காரன் எண்கள வரிசையா அடுக்கிட்டு அதையும் வெக்டருங்கான். எல்லாம் ஒரே வேருல முளைச்சது. இங்கிலீஷ்ல படிக்கவனுக்கு அது கண்ணுக்கு முன்னால நிக்கு. நம்ம பயலுக்கு மட்டும் வெட்டி வெட்டிக் குடுக்கணுமா?"

"அப்ப எல்லாத்துக்கும் கடத்தின்னு போட்டுருவோம்" என்றேன், சீக்கிரம் முடித்தால் போதும் என்று.

டீச்சர் தலையை நிமிர்த்தாமல், "கடத்தி என் செம்புக்கம்பி. தர மாட்டேன்" என்றார். மின்சாரம் பாய்கிற பொருளுக்கு இயற்பியலில் அதுதான் பெயர்.

அன்று அது தீரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தீரவில்லை. சுமப்பான், ஏந்தி, கொண்டுசெல்லி என்று அவர் என்னென்னவோ கொண்டுவருவார். அவரே மறுநாள் அடித்துவிடுவார். இயற்பியல் பாடம் முழுதும் தயார், விலங்கியல் தயார், அச்சக அண்ணாச்சி தாள் வாங்கி வைத்துவிட்டார். நாங்கள் ஒரு சொல்லின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

இதில் என்னை அதிகம் குழப்பியது ஒன்று உண்டு. கணக்கு சாரின் சொந்த ஊர் திசையன்விளை. ஒன்பதோ பத்தோ படிக்கும்போது வாத்தியார் பலகையில் திசையன் என்று எழுதியதும் வகுப்பே கைதட்டியதாம். நம்ம ஊரைப் பற்றிப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று இவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். கணக்கு படிக்க ஆசை வந்ததே அதனால்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைத்தான் வேண்டாம் என்றார். "ஆசையா இருக்குதுங்கதுக்காக வச்சுக்கிட முடியுமா வே?" என்றார். அந்த நேர்மையைப் பார்த்து எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்த ஒரு காலையில், எங்கள் இருவரையும் குறுக்குத்துறைக்கு வரச்சொன்னார். ஆறு வழக்கத்தைவிட அகலமாக, செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "அந்தக் கரையில மருத மரம் தெரியுதா? அதப் பாத்து நேரா நீந்துதேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருங்க."

"சார், தண்ணி வேகமா இருக்கு" என்றார் டீச்சர்.

இறங்கிவிட்டார். தலை மருத மரத்துக்கு நேராகத்தான் இருந்தது. கையும் அதை நோக்கித்தான் வீசியது. ஆனால் ஆள் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தார். நடு ஆற்றில் ஒரு சுழிப்பில் தலை மறைந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூறு இருக்கா இந்த மனுசனுக்கு?" என்று கத்தினார். வெகுதூரம் கீழே, கரையில் முள்ளுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி ஆடியது. பாலத்தைச் சுற்றி ஈர வேட்டியோடு நடந்துவந்தார். முழங்காலில் ரத்தம்.

"பாத்தீரா வே? நான் பாத்த திசை ஒண்ணு, போய்ச் சேந்த இடம் ஒண்ணு. ஆறு என்னைச் சுமந்துட்டுல்லா போச்சு. திசையன்னு சொன்னா பாதிதான் சொல்லுதீரு. சுமக்குதத யாரு சொல்லுவா?"

"எங்கப்பா படகைக் கரைக்கு நேரா விடவே மாட்டாரு சார்" என்றார் டீச்சர். "இதக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். முங்கிச் செத்திருந்தா?"

அந்த வாரம் அவர் தன் பாடத்தை எழுதினார். 'மருத மரத்தைப் பார்த்து நீந்துகிறவன் மருத மரத்தில் கரையேறுவதில்லை' என்று ஆரம்பம். நான் கணக்கை வெறுத்துப் படித்தவன். அதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முடித்தபோது வெக்டர்களை எப்படிக் கூட்டுவது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தமிழில் அப்படி ஒரு பாடம் நான் அதற்கு முன்பும் படித்ததில்லை, பின்பும் படிக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தில், வெக்டர் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கோடு போட்டு விட்டிருந்தார். சொல் கிடைத்ததும் நிரப்பிக்கொள்ளலாமாம்.

சொல் கங்கைகொண்டானில் கிடைத்தது. அங்கே இலங்கைத் தமிழர்களின் முகாமில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். அவரிடம் படித்த பெண் ஒருத்தி எங்கள் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் ஒரு வித்தியாசமான சொல்லைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே கணக்கு சார் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"நாங்கள் காவி எண்டுதான் படிச்சனாங்கள் சேர்" என்றார் அந்த அம்மா. "திசையோட வாறதெல்லாம் காவி. கொசுவுக்கும் நோய்க்காவி எண்டுதான் சொல்லுறது."

கணக்கு சார் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"காவி. காவிக்கொண்டு போறது. சுமக்கிறது எண்டு அர்த்தம்."

"காவுதல்! காவடில உள்ள காவு! வே, கேட்டீரா? நம்ம சொல்லு! கடலுக்கு அந்தப் பக்கம் பத்திரமா வச்சிருந்திருக்காங்க!" அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இஞ்ச அது சரிவராது சேர். இஞ்ச காவி எண்டால் சனம் வேறயெல்லோ நினைக்கும்" என்றார். அது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

ஒரே வாரத்தில் மொத்தக் கைப்பிரதியிலும் காவி ஏறிவிட்டது. என் கொசு காவி. டீச்சரின் விசை காவி, வேகம் காவி. அச்சக அண்ணாச்சி நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இது கணக்குப் புஸ்தகமா, கட்சிப் புஸ்தகமா?"

"எந்தப் பாட…" என்று ஆரம்பித்தவரை நான் தொடையில் கிள்ளினேன்.

"சொல்லு நல்ல சொல்லுதான் சார், நான் ஒத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா கடையில தொங்கவிட்டா ஒருத்தன் வாங்க மாட்டான், இன்னொருத்தன் கல்லெறிவான். பழைய சொல்லையே போட்டுருங்க. கால்ல விழுதேன்."

டீச்சர் ஒரு வழி சொன்னார். பாடத்தில் வழக்கமான சொற்கள் இருக்கட்டும், அடிக்குறிப்பில் இந்தக் கதையை எல்லாம் கணக்கு சார் எழுதட்டும். நியாயமான வழி. "அடிக்குறிப்ப எந்தப் பய படிக்கான்?" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷப் பிள்ளைகள் பரீட்சைக்கு உட்கார்ந்தபோது புத்தகம் அச்சகத்து அலமாரியில் இருந்தது. பழைய ஆங்கிலக் குறிப்பையே உருப்போட்டு எழுதினார்கள். என் வகுப்பில் ஒரு பெண் கொசுவைப் பற்றிய கேள்விக்கு, கொசு என்பது அளவும் திசையும் உடையது என்று எழுதியிருந்தாள். இரண்டு குறிப்பும் அவள் தலைக்குள் கலந்துவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"பாத்தீரா? இவளுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு பட்டிருக்கு" என்றார், சந்தோஷமாக.

எழுந்து வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி மழைக்குப் பிறகு தெற்கே டெங்கு வந்தது. திசையன்விளைப் பக்கம் ஊருக்கு நாலு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். சுகாதாரத் துறையும் உள்ளூர் இளைஞர் சங்கம் ஒன்றும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சொந்த ஊர் என்று கணக்கு சாரும் கூட வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது?

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். யாரோ ஆங்கிலத்தில் இருந்ததைச் செல்போனில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'மாபெரும் திசையன் கட்டுப்பாட்டு முகாம்' என்று அதில் எழுதியிருந்தது.

முன்வரிசையில் ஒரு கடைக்காரர் எழுந்தார். "ஏ சாரே, எங்களயா கட்டுப்படுத்தப் போறீங்க?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, எழுத்துப் பிழை, அது நோய்க்கடத்தி என்றிருக்க வேண்டும் என்றேன். "கடத்தின்னா? ஏர்போர்ட்ல பிடிக்காங்களே, அதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. கூட்டம் நல்ல மனநிலையில்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், டயரில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் சுகாதார ஆய்வாளர், "ஊர்க்காரர் ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்று மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டார்.

கணக்கு சார் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"திசையனும் வேண்டாம், கடத்தியும் வேண்டாம். இதுக்கு நம்மகிட்டயே ஒரு நல்ல சொல்லு இருக்கு. கொசு ஒரு காவி."

கூட்டம் அமைதியாயிற்று. அதை அவர் கவனம் என்று எடுத்துக்கொண்டார்.

"காய்ச்சல் தானா வாரதில்ல. காவிதான் வீடு வீடாக் கொண்டு வருது. காவிய ஒழிச்சாத்தான் காய்ச்சல் ஒழியும்."

இடது பக்கத்தில் சிலர் விசிலடித்துக் கைதட்டினார்கள். வலது பக்கத்தில் சிலர் எழுந்தார்கள். "எவம்லே அவன்? எறங்குலே கீழ!" என்று ஒரு சத்தம். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு அர்த்தம் ஏறிக்கொண்டது. ஆய்வாளர் அவர் காதருகே குனிந்தார்.

"சார், கொசுன்னு சொல்லிட்டு எறங்கிருங்க சார். புண்ணியமாப் போகும்."

"கொசுங்கது அதோட பேரு. நான் சொல்லுதது அதோட வேலை" என்றார் இவர், மைக்கில்.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்துவந்து பேனரில் பட்டு விழுந்தது. நானும் ஆய்வாளருமாக அவரைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினோம். தொட்டியை மூடச் சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தோம். அதைக் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில், நாங்குநேரி டீக்கடையில், "ரெண்டு கோஷ்டியும் தப்பாக் கேட்டுட்டானுவ வே" என்றார். டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"நீரு தப்பாச் சொன்னீரு" என்றேன்.

"இல்ல. சரியாத்தான் சொன்னேன்."

"அதத்தான் வே சொல்லுதேன்!" என்று கத்தினேன். கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

வீடியோ அன்றைக்கே எல்லோர் செல்போனிலும் வந்துவிட்டது. நிர்வாகத்துக்குப் புகார்கள் போயின. விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். புத்தக வேலையில் கூட இருந்தவர்கள் என்று என்னையும் டீச்சரையும் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாகத்தார் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். இதை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

"காவின்னு எதைச் சொன்னீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"எந்தப் பாடத்துல?"

எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. டீச்சர்தான் முன்னால் வந்தார். "சார், அவரு கொசுவத்தான் சொன்னாரு. இலங்கையில கணக்குலயும் உயிரியல்லயும் அதான் சொல்லு. இவருக்கு எந்தக் கட்சியும் தெரியாது. தெரிஞ்சா இப்படிப் பேசுவாரா?"

அது அவர்களுக்குப் புரிந்தது. தலைவர் ஒரு தாளை எடுத்து இவர் பக்கம் நகர்த்தினார். தவறான சொல்லைப் பயன்படுத்தியதற்காக வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு விஷயம் முடிந்தது.

கணக்கு சார் அதைப் படித்தார். "தவறான இடத்துல பேசிட்டேன்னு எழுதித் தாரேன் சார். அது உண்மைதான். தவறான சொல்லுன்னு எழுத முடியாது. சொல்லுல தப்பில்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ரெண்டும் வேற சார்."

அவர்கள் வெகுநேரம் மன்றாடினார்கள். மன்றாடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வராந்தாவில் அவரைப் பிடித்து நிறுத்தி, "ஒரு சொல்லுதானே வே? கையெழுத்தப் போட்டுத் தொலச்சா என்ன?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றார். "ஒரு சொல்லுதான் கேட்டேன்."

அவர் மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் போனபோது எனக்குக் காப்பி வைத்துவிட்டு, "இவுககூடத்தான இவ்வளவு நாளும் சுத்துனீங்க. ஒரு நாளாவது இவுக வாய அடைக்க முடிஞ்சுதா உங்களால?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி கேட்டார். உள்ளே அவர் யாருக்கோ போனில், 'சம்பவம்' என்றால் எந்த அர்த்தத்தில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து, காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் மூலமாக வளைகுடாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போனார். போவதற்கு முன்பு தன் பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். வெக்டருக்கு வேறு ஒரு ஆசிரியரிடம் பாடம் வாங்கிச் சேர்த்தோம். சரியான பாடம், ஒரு பிழை கிடையாது. அதைப் படித்து யாருக்கும் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. புத்தகம் திசையனோடும் நோய்க்கடத்தியோடும் வெளிவந்தது. பிள்ளைகள் வாங்கினார்கள்.

போன வருஷம் விடுமுறையில் வந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். நான் பேசிய வாக்கியங்களை எல்லாம் முடிக்கவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"அங்கன இங்கிலீஷ்தானே? உமக்கு ஒரே சொல்லு கெடச்சிருச்சே வே" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

 அவர் சொன்னார்.

"ஒருநாள் பாடம் நடத்திட்டுக் கேட்டேன் வே. உங்க பயாலஜி புஸ்தகத்துல கொசுவுக்கும் வெக்டர்னுதானே போட்டிருக்கு, ஏன்னு. நல்லாப் படிக்க பிள்ளைங்கதான். எல்லாரும் என்னைப் பாக்காங்க. ஒருத்தருக்கும் தோணவே இல்ல. பயாலஜி டீச்சர்ட்ட கேட்டேன். ரொம்ப வருசமாப் பாடம் எடுக்கவங்க. அட, ஆமா சார், நான் கவனிக்கவே இல்லையேன்னாங்க. ஒரே சொல்லா இருந்தாத் தானா வெளங்கிரும்னு நெனச்சேன். வெளங்கல வே. அங்கனயும் வெளங்கல."

'அன்னைக்கே நான் சொன்னேம்லா' என்று சொல்வதற்காக எத்தனையோ வருஷமாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். வாய் வரவில்லை. கேக்கைப் பிய்த்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அப்புறம் நான்தான் கேட்டேன். புத்தகம் இரண்டாம் பதிப்பு வருகிறது, அந்த ஆற்றுப் பாடத்தைக் கொடுக்க முடியுமா, திசையன் என்றே போட்டுக்கொடுத்தால் போதும் என்று. கோபப்படுவார் என்று பயந்துதான் கேட்டேன்.

"தாரேன்" என்றார் உடனே. "அங்கன ஆறு பாத்த பிள்ளையே கெடையாது. ஏரோப்ளேன வச்சுத்தான் நடத்துதேன். இங்கன உள்ளதுகளுக்காவது ஆறு இருக்கட்டும்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்று ராத்திரியே டீச்சருக்குச் சொன்னேன். "நிஜமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். அச்சக அண்ணாச்சி முப்பது பக்கம் காலியாக விட்டு மற்றதை எல்லாம் கோத்துவிட்டார். கணக்கு சார் திரும்பிப் போனார். மாசம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, வருஷமும் மாறிற்று. கல்லூரி திறக்கும் நாள் வந்துகொண்டிருந்தது. போன வாரம் ஆசிரியர் அறையிலிருந்து டீச்சர் அவரைக் கூப்பிட்டு, நானும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"முடிஞ்சிட்டு டீச்சர், முழுசும் திருத்தி எழுதிட்டேன்" என்றது அவர் குரல், பழைய உற்சாகத்தோடு. "திசையன்னே போட்டிருக்கேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒரே ஒரு இடத்துலதான் நிக்கு. உங்க இயற்பியல்ல ஃபீல்டுக்கு புலம்னு போட்டிருக்கீங்கல்லா? கணக்குலயும் ஒரு ஃபீல்டு இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. அதுபோக, ஃபீல்டு ஒர்க்குக்குக் கள ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. அது ஒரு வழி ஆகாம நான் எப்பிடி…"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போனில் குரல் போய்க்கொண்டே இருந்தது. கணக்கு சார் பேச்சை முடிக்கும்வரை டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "சரி சார், உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்தார்.

பிறகு என்னிடம், "அண்ணாச்சிக்கிட்ட முதல் பதிப்புல உள்ள பாடத்தையே வச்சு அச்சுக்கு ஏத்தச் சொல்லிருங்க சார்" என்றார்.

நான் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.